சின்ன ஹாலுக்கு எது: கிளாஸ் கண்ணாடியா, அக்ரிலிக் கண்ணாடியா?

இடுக்கான ஹாலைப் பெரிதாகக் காட்டச் சுவரில் கண்ணாடி பதிக்க நினைப்பவர்கள், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். அக்ரிலிக் என்பது முகம் பார்க்கும் கண்ணாடி போலவே பிரதிபலிக்கும் பிளாஸ்டிக் தகடு.

ஆழம்: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கண்ணாடிக்கு எட்டடி முன்னால் உள்ள ஜன்னல், அதற்கு எட்டடி பின்னால் இருப்பதாகவே கண்ணுக்குப் படும். பட்டுத் திரும்பும் ஒளி அங்கிருந்து நேராக வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும்.

கிளாஸ்: விறைப்பானது, ஜன்னல் கம்பிகள் நேராகவே தெரியும்.
அக்ரிலிக்: 3 மி.மீ. தகடு சுவரின் மேடுபள்ளத்தோடு வளையும். நடந்துபோனால் கம்பிகள் நெளியும், ஆழம் அங்கேயே கலைந்துவிடும்.

எடை (3க்கு 4 அடி): 5 மி.மீ. கிளாஸ் சுமார் 14 கிலோ. 3 மி.மீ. அக்ரிலிக் சுமார் 4 கிலோ.

பொருத்துவது: கிளாஸுக்கு ஆள் வேண்டும், கூலியும் சேரும். அக்ரிலிக்கை இரட்டைப் பக்க டேப்பால் நாமே ஒட்டலாம்.

நீடித்து உழைப்பது: கிளாஸ் அடிபட்டால் உடையும்; ஈரச்சுவரில் ஓரம் கறுக்கும். அக்ரிலிக் லேசில் உடையாது, ஆனால் தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும். அம்மோனியா கலந்த கிளீனர் அதற்கு ஆகவே ஆகாது.

சொந்த வீடு, ஹால் என்றால் தயங்காமல் கிளாஸ். ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள். வாடகை வீடு, குழந்தைகள் ஓடியாடும் அறை என்றால் அக்ரிலிக் சரி. பெரிய தகடாக வேண்டாம், சின்னச் சின்னச் சதுரங்களாக ஒட்டினால் நெளிவு அவ்வளவாகத் தெரியாது.