கறவை மாட்டுக்குத் தானியங்கித் தண்ணீர்க் கிண்ணம்: வாங்கலாமா?

உள்ளே இருக்கும் நாக்கு போன்ற தகட்டை மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் வார்ப்பிரும்புக் கிண்ணம். நீடித்து உழைப்பதில் குறையில்லை, குறை தண்ணீர் வரத்தில்தான். மாடு நக்கிக் குடிப்பதில்லை, வாயை 3, 4 சென்டிமீட்டர் அமிழ்த்தி உறிஞ்சும். நிமிடத்துக்கு 10 லிட்டராவது வரவேண்டும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத் தொழுவங்களில் தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால் தண்ணீரின் அழுத்தம் 0.3 பார் (bar) அளவுதான். அரை இஞ்சுக் குழாயில் ஐந்து கிண்ணத்தை வரிசையாக மாட்டினால் கடைசி மாட்டுக்குச் சொட்டுதான். அது பாதியில் விலகிவிடும், பாலும் குறையும். மெயின் குழாயை ஒன்றேகால் இஞ்சாக்கி, வாளி வைத்து வரத்தை அளந்து பாருங்கள். போர் தண்ணீர் உப்பென்றால் வால்வில் படிந்து ஒழுகும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். சித்திரை வெயிலில் திறந்த குழாய் வெந்நீர்தான் தரும், மண்ணில் புதையுங்கள். கன்றுக்கு இந்த நாக்கு கடினம். மிதவை வால்வால் தானே நிரம்பும் தொட்டியே மேல்.