மருதமுனைத் தறித்துணியும் அம்மாவின் பெரிய அறையும்

அம்மாவைக் களுவாஞ்சிகுடிப் புதுவீட்டுக்குக் கூட்டி வந்த முதல் கிழமை, விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் கட்டிலில் ஆள் இருக்காது. குசினிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒடுக்கமான நடையில் தன்ர பன்பாயை விரித்துச் சுருண்டு படுத்திருப்பா. கேட்டதற்கு, "கலியாண மண்டபத்துக்க தனியப் படுத்த மாதிரிக் கிடக்கு புள்ள, நித்திரையே வருதில்ல" என்றா.

அறை 22 அடிக்கு 18 அடி. சீலிங் 11 அடி உயரத்தில். சுவிசில் இருக்கிற தம்பி அம்மாவுக்கென்று ஆசையாகக் கட்டுவித்தது. வெள்ளை ரைல்ஸ், வெள்ளைப் பெயின்ற், நடுவில் ஒரு ரியூப் லைற். கட்டில் ஒரு சுவரோடு, அலுமாரி எதிர்ச்சுவரோடு, இடையில் வெறும் தரை. அம்மா இருமினால் அந்த இருமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பழைய வீட்டில் அவவின் அறை பத்துக்குப் பத்துக்கூட இல்லை. கையை நீட்டினால் சுவர், கொஞ்சம் எட்டினால் தண்ணிச் செம்பு. எழுபது வருசம் அப்படிப் படுத்த உடம்பு.

இந்த அறையை அம்மாவுக்கு ஏற்ற அளவுக்குச் சின்னதாக்க நான் பல வேலை செய்தேன். அதில் அரைவாசிக்கு மேல் பலன் தந்தது, இலங்கையின் கிழக்குக் கரையில் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் நெய்வித்த கர்ட்டன் துணி. மாரி முடியத் தொடங்கிய வேலை, இப்போது பாவிக்கத் தொடங்கி மூன்று மாதம். அந்தத் துணியைப் பற்றியும் நெய்து தந்த இடத்தைப் பற்றியும் நல்லதையும் குறையையும் எழுதுகிறேன்.

முதலில் ரெடிமேட் கர்ட்டன்தான் தேடினேன். பின்பக்கம் றபர் பூசிய தடித்த பொலியெஸ்டர் காட்டினார்கள். அறையைச் சுருக்கிக் காட்டுமென்பது உண்மைதான். ஆனால் அம்மாவின் யன்னல் இரண்டும் கிழக்கே பார்த்தவை. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற நாட்களில் பின்னேரம் அந்தப் பக்கத்தால் வருகிற கடற்காற்று ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல். அதை றபரால் அடைத்துவிட்டு அம்மாவை உள்ளே எப்படிப் படுக்கவைப்பது? குளிர்நாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து வெல்வெட்டும் கம்பளியும் வாங்குகிற எங்கட ஆட்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மார்கழி மழைக்குக் கம்பளி விரிப்பில் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கட சூட்டில் ஓர் அறை அணைப்பாக இருக்கவேண்டுமென்றால் அது மூச்சும் விடவேண்டும்.

கல்லாறும் பெரியநீலாவணையும் தாண்டினால் மருதமுனை. பாடசாலையில் கூடப் படிப்பிக்கிற ஒரு ரீச்சரின் சொந்தக்காரர் வீட்டுக்குப் பின்னால் தறி வைத்திருக்கிறார். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே தறிச்சத்தம் கேட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இந்த ஊரில் உயிர்களோடு தறிகளும் போயின. தான் இப்போது இருந்து நெய்கிற தறி அதற்குப் பிறகு செய்வித்தது என்று தறிக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) சொன்னார்.

நான் கொண்டுபோன கடைத்துணித் துண்டை அவர் ஒன்றும் சொல்லாமல் என் புறங்கையில் போர்த்தினார். "ஊதிப் பாருங்க ரீச்சர்." ஊதினேன். கையில் ஒன்றும் படவில்லை. பிறகு தறியில் நெய்து சுருட்டியிருந்த துணியின் ஓரத்தை இழுத்து அதே கையில் போட்டார். ஊதியதும் மூச்சு கையில் வந்து பட்டது. துணி பாரமாகத்தான் இருந்தது, ஆனாலும் காற்று போனது. "சாரத்துக்குப் போடுற மெல்லிய நூல் இதுக்குச் சரிவராது. காத்துக்குப் பறந்து திரியும். 20ஆம் நம்பர் போடுவம்" என்றார். நூலுக்கு நம்பர் கூடக் கூட அது மெலியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பாவு, அதாவது நெடுக்கே போகிற நூல், மண்ணிறம்; குறுக்கே போகிற ஊடை காவி. அது அவரின் யோசனை. ஊடை நூலைக் கொண்டோடுகிற நாடா ஒருமுறை குறுக்கே போய் வரும்போது காவி நூல் மண்ணிற இழைகளுக்குள் பாதி மறைந்து பாதி தெரிகிறது. கர்ட்டனாகத் தொங்கவிட்ட பிறகுதான் அதன் அருமை புரிந்தது. மடிப்பின் உள்பக்கம் மண்ணிறமாக இருட்டி நிற்கும், வெளிச்சம் படுகிற முதுகு காவியாக எழும்பும். ஒரே நிறத்தில் சாயம் போட்ட துணி இப்படி நிற்காது.

அளவு கேட்பவர்களுக்கு: யன்னலுக்கு மட்டும் போடாமல் 18 அடிச் சுவர் முழுக்கப் போட்டேன். மடிப்பு நன்றாக விழ அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 36 அடி வேண்டும். துணியின் அகலம் 4 அடி, ஆக 9 துண்டு. கம்பியை 8 அடி உயரத்தில் அடித்தோம். மேல், கீழ் மடிப்போடு துண்டுக்கு எட்டரை அடி வைத்து மொத்தம் 26 யார். கம்பியைச் சீலிங்குக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். அது பதிந்த அறையை உயர்த்திக் காட்ட நினைப்பவர்களுக்கு. எனக்குத் தேவை அதற்கு நேர்மாறு. கம்பிக்கு மேலே மிஞ்சிய மூன்றடிச் சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே சந்தன நிறம் அடித்தோம். இப்போது நிமிர்ந்து பார்த்தால் கூரை 8 அடிக்கு இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

இனிக் குறைகள். மூன்று கிழமையில் தருவதாகச் சொன்ன துணி ஐந்தரைக் கிழமையில் வந்தது. இடையில் இரண்டு தரம் கோல் எடுத்தேன், பதில் இல்லை. ஒன்பது துண்டில் இரண்டு கொஞ்சம் வெளிறியிருந்தன. நூல் முடிந்து மறுபடி சாயம் போட்டபோது வந்த வித்தியாசம். அவற்றை இரண்டு மூலைகளிலும் விட்டதால் உறுத்தவில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மனம் நொந்தது முதல் தோய்ச்சலில். காய்ந்து எடுத்துக் கொழுவினால் எல்லாத் துண்டும் மூன்று அங்குலம் சுருங்கி நிலத்துக்கு மேலே நின்றன. பருத்தி சுருங்கும், அது இயற்கை. நனைத்துக் காயவிட்ட பிறகு தைக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழ்மடிப்பை இறக்கிவிடவும் துணி மிச்சமில்லை. அன்றைக்கு அந்தக் கட்டையான கர்ட்டனைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்து அழுதுவிட்டேன்.

கொண்டுபோய்க் காட்டினேன். காக்கா விளிம்பைக் கையால் நீவிப் பார்த்து, "இது எங்கட பிழைதான் ரீச்சர்" என்றார். கடும் மாதுளை நிறத்தில் இரண்டு யார் புதிதாக நெய்து, இந்த முறை நனைத்துக் காயவிட்டே தந்தார். காசு வாங்கவில்லை. தையற்காரி அதை வெட்டி ஒவ்வொரு துண்டின் அடியிலும் கரையாக வைத்துத் தந்தா. அந்தக் கரை நான் நினைத்துப் பார்க்காத ஒரு வேலையைச் செய்தது. 18 அடி நீளத்துக்குத் தரையோடு ஒரு கடும் கோடு ஓடுவதால் உள்ளே வந்தவுடன் கண் மேலே போகாமல் கீழே, கட்டில் இருக்கிற உயரத்திலேயே நிற்கிறது. இன்னொரு தரம் நெய்வித்தாலும் கரையோடுதான் நெய்விப்பேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கு அலுமாரியைச் சுவரிலிருந்து எடுத்து அறைக்குக் குறுக்கே திருப்பினோம். அதற்கு அந்தப் பக்கம் தையல் மெசினும் ஒரு கதிரையும், இந்தப் பக்கம் படுக்கை. சரியாமல் இருக்க ஓடாவி நிலத்தோடு இறுக்கித் தந்தார். ரியூப் லைற்றை அணைத்துவிட்டு, கட்டிலடியிலும் மெசினடியிலும் மஞ்சள் வெளிச்சம் தருகிற 2700 கெல்வின் பல்ப் இரண்டு போட்டோம். பெட்டியில் அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், 6500 என்றிருந்தால் பழையபடி வெள்ளைவெளீரென்று இருக்கும். கட்டிலுக்கு மேலே நுளம்பு வலையைச் சதுரமாகக் கட்டினோம், அதுவே உள்ளுக்குள் இன்னோர் அறை மாதிரி. தரைக்கு இரண்டு பன்பாயைச் சேர்த்துத் தைத்துக் கட்டிலின் இரு பக்கமும் இரண்டடி வெளியே தெரிகிற மாதிரி விரித்தேன். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் பாய்க்குக் கீழே றபர் வலை கட்டாயம் வையுங்கள். ரைல்ஸில் பாய் சறுக்கும்.

துணி கொழுவிய அன்று பின்னேரமே இருமல் எதிரொலிப்பது நின்றுவிட்டது. அம்மா அதைக் கவனித்தாவோ தெரியாது. இரவு நான் எட்டிப் பார்த்தபோது வலைக்குள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. நடைக்குப் பாயைக் கொண்டுபோவது அந்தக் கிழமையோடு நின்றது.

விலை கடைப் பொலியெஸ்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. கொடுத்தது வீண் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆனால் அவசரத்துக்கு ஆகாது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாதங்களில் தறி முழுக்கச் சாரமும் சேலையும் ஓடும், அப்போது போனால் காத்திருக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரம் போகாதீர்கள், தறி நிற்கும். முழுத் துணிக்கும் ஒரேதரத்தில் சாயம் போடச் சொல்லுங்கள். தைக்கக் கொடுக்கமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள், கீழ்மடிப்புக்கு ஆறு அங்குலம் விடுங்கள்.

போன சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிப் போனேன், கட்டில் விரிப்புக்குச் சொல்ல. தறிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். அம்மா கனநேரம் நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துபோட்டு, "தம்பி, கரை கொஞ்சம் அகலமா வைங்க" என்றா. நான்கு விரல் அகலம் என்று கையைக் காட்டினா. காக்கா அவவின் நான்கு விரலையும் அளந்து சுவரில் கரியால் கீறி வைத்தார்.