தேசிய ஓய்வூதியத் திட்டமா, ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமா?

மத்திய அரசுப் பணியில் இருக்கும் பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். 2013-இல் காங்கிரஸும் பாஜகவும் சேர்ந்து ஆதரிக்க, இடதுசாரிகள் எதிர்த்து வாக்களிக்க, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் சட்ட வடிவம் தந்தது. 2024-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒருங்கிணைந்த திட்டம் அதற்கு மாற்றுத் தேர்வாக வந்திருக்கிறது. இதற்குத் தனி வாக்கெடுப்பு நடக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

பிடித்தம்: இரண்டிலும் ஊழியர் பங்கு 10%. அரசின் பங்கு தேசியத் திட்டத்தில் 14%, ஒருங்கிணைந்ததில் 18.5%.

உறுதி: தேசியத் திட்டத்தில் எதுவும் உறுதியில்லை, சந்தைதான் முடிவு செய்யும். ஒருங்கிணைந்ததில் 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி மாத ஓய்வூதியமாக வரும். விலைவாசிக்கேற்ப அகவிலை நிவாரணமும் உண்டு. 10 ஆண்டு முடித்தால் மாதம் குறைந்தது 10,000 ரூபாய். ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு அவருடைய ஓய்வூதியத்தில் 60%.

கையில் வரும் தொகை: தேசியத் திட்டத்தில் சேமிப்பின் 60% வரை எடுக்கலாம். மற்றதில், மாத ஓய்வூதியம் குறையாமல் ஒரே தவணையில் கிடைக்கும் தொகை மிகச் சிறியது.

25 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெற்றாலும், இயல்பான ஓய்வு வயது வரை ஒருங்கிணைந்த திட்டத்தின் மாத ஓய்வூதியம் வராது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

நீண்ட பணிக்காலமும் வேறு வருமானமின்மையும் இருந்தால் ஒருங்கிணைந்ததே நல்லது. இடையில் விலகும் எண்ணமுள்ளவர்கள் தேசியத் திட்டத்திலேயே இருக்கட்டும்.