கமெண்ட் பகுதி: படித்துவிட்டு வெளியிடுவதா, வெளியிட்டுவிட்டு நீக்குவதா?

எங்கள் செய்தி ஆப்பில் வாசகர் கருத்துப் பகுதி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது நான்கு வழிகள் இருந்தன. ஃபேஸ்புக், டிஸ்கஸ் மாதிரி வெளியார் நிறுவனங்கள் தரும் கமெண்ட் பெட்டியை அப்படியே ஒட்டுவது. போட்டவுடன் வெளியாகட்டும், புகார் வந்தால் நீக்கலாம் என்று விடுவது. ஆள் படித்த பிறகே வெளியிடுவது. கமெண்டே வேண்டாம் என்று இருந்துவிடுவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி, அதுவும் தேர்ந்தெடுத்த சில செய்திகளுக்கு மட்டும். எனவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

கமெண்டே வேண்டாம் என்பது கேலிக்குரிய யோசனை இல்லை. பாப்புலர் சயின்ஸ் இதழ் 2013-லும், ராய்ட்டர்ஸ் தன் செய்திகளுக்கு 2014-லும், அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2016-லும் மூடிவிட்டன. பேச்சு சமூக ஊடகத்துக்குப் போய்விட்டது என்பது ராய்ட்டர்ஸும் என்பிஆரும் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் மாவட்டச் செய்தி போடுகிறவர்கள் கணக்கு வேறு. "பாலம் திறந்தாச்சுன்னு போட்டிருக்கீங்க, காலையில அந்தப் பக்கம் தடுப்பு அப்படியேதான் இருந்துச்சு" என்று எழுதும் வாசகர் எங்களுக்குப் பாதி நிருபர். அவரை ஃபேஸ்புக்கில் போய் எழுதச் சொல்வது நஷ்டம்.

வெளியார் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் வேலை முடியும். டிஸ்கஸின் இலவசத் திட்டத்தில் விளம்பரமும் சேர்ந்து வரும். வாசகர் விவரம் அவர்களிடம் இருக்கும். பெட்டி அவர்களுடையது என்பதால் பொறுப்பும் அவர்களுடையது என்று நினைத்தால் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். செய்தி நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் பிறர் எழுதிய கமெண்ட்டுக்கு அந்த நிறுவனங்களே பதிப்பாளர் என்று 2021-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நிஜமான போட்டி நடுவில் உள்ள இரண்டுக்கும்தான். போட்டவுடன் வெளியாகும் முறை பார்க்க உயிரோட்டமாக இருக்கும். டெவலப்பர்களுக்கும் அதுதான் பிடிக்கும். கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்று, புகார் பட்டன் ஒன்று, சில புகார் சேர்ந்தால் தானாக மறைக்க ஒரு விதி. ஆள் செலவே இல்லாத மாதிரி தெரியும்.

இந்த ஏற்பாடு மலேசியச் செய்தித் தளமான மலேசியாகினியிடமும் இருந்தது: எச்சரிக்கை வாசகம், வார்த்தை வடிகட்டி, வாசகர் புகார் எல்லாமே. நீதித்துறையைத் தாக்கி வாசகர்கள் எழுதிய ஐந்து கமெண்ட்டுகளை, போலீஸ் சொன்ன 12 நிமிடத்தில் நீக்கினார்கள். அப்படியும் 2021 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பாகி, ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விழுந்தது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டார். வாசகர்களே பணம் திரட்டி அபராதத்தை அடைத்தார்கள் என்பது வேறு கதை. நமக்கு யார் திரட்டுவார்கள்?

சட்டத்தைவிட எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. இந்தப் பகுதியைத் தினமும் யார் பராமரிப்பது, எந்த நேரத்தில்? வடிகட்டி பார்த்துக்கொள்ளும் என்பது ஆங்கிலத்துக்கு ஓரளவு சரி. நியூயார்க் டைம்ஸ் 2017-இல் கூகுளின் ஜிக்சா பிரிவோடு சேர்ந்து கமெண்ட்டைத் தரம் பிரிக்கும் கருவி செய்துகொண்டது. அப்போதும் படிக்க 14 பேர் கொண்ட குழு இருந்தது. தமிழில் வார்த்தைப் பட்டியல் வைத்துப் பாருங்கள். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல் மாறிவிடும், நடுவில் ஒரு புள்ளி வைத்தால் தப்பிவிடும், தங்கிலீஷில் ஒரே வசவுக்குப் பத்து எழுத்துக்கூட்டு.

எங்கள் சோதனையில் வந்த இரண்டைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததல்லவா, அந்தச் செய்திக்கு வந்த கமெண்ட் எல்லாவற்றையும் வடிகட்டி பிடித்து வைத்துக்கொண்டது. காரணம், எல்லாவற்றிலும் "நாய்" இருந்தது. இன்னொன்று, கோயில் திருவிழாத் தகராறு பற்றிய செய்தி. அதற்கு வந்த "அவங்க புத்திதான் தெரிஞ்சதாச்சே" என்ற வரி சுத்தமாகத் தேறிவிட்டது. அதில் கெட்ட வார்த்தை ஏது? அந்த ஊரைத் தெரிந்த ஒரு சப் எடிட்டருக்குத்தான் "அவங்க" யார் என்று தெரியும், அந்த வரி போய்க் குத்தும் இடமும் தெரியும்.

ஆக, எந்த முறையிலும் ஆள் படித்தே ஆக வேண்டும். வித்தியாசம் எப்போது படிப்பது என்பதில்தான். பிறகு நீக்கும் முறையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். சாதிச் சண்டை காலை பத்து மணிக்குக் காத்திருக்காது. முன்பே படிக்கும் முறையில் ராத்திரி வந்தது வரிசையில் கிடக்கும், காலை ஷிப்ட் பார்த்துக்கொள்ளும். சிறிய டெஸ்க்குக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்றும் உண்டு. நீக்குவதற்கு முன் ஒரு வசவை முதலில் படிப்பது பெரும்பாலும் அந்தச் செய்தியை எழுதியவர்தான். கார்டியன் 2016-இல் தன் தளத்துக்கு வந்த ஏழு கோடி கமெண்ட்டுகளை ஆராய்ந்தபோது, அதிகம் வசவு வாங்கிய 10 எழுத்தாளர்களில் 8 பேர் பெண்கள். எங்கள் பெண் நிருபர்களிடம் கேட்டிருந்தால் ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

முன்பே படிக்கும் முறைக்கும் குறை உண்டு. கிரிக்கெட் ஓடும்போதும் ஓட்டு எண்ணும்போதும் அது சுத்தமாக எடுபடாது, பத்து நிமிடம் தாமதித்து வரும் "அவுட்டா?" யாருக்கு வேண்டும்? அவற்றுக்கு நாங்கள் கமெண்ட்டே திறப்பதில்லை. சட்டத்திலும் ஒரு சிக்கல்: ஆள் தேர்ந்தெடுத்து வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இடைநிலையாளருக்கு, அதாவது பிறர் எழுதுவதற்கு இடம் மட்டும் தரும் தளத்துக்கு, தரும் பாதுகாப்பு பலவீனமாகலாம் என்று ஒரு வாதம் உண்டு. இதில் என் பேச்சை நம்பாமல் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய ஏஐ கருவிகளைக் கொஞ்ச நாள்தான் பார்த்தோம். வரிசையை அடுக்கிக் கொடுக்க உதவுகின்றன, முடிவெடுக்க விடும் அளவுக்கு எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாளைக்குப் பல்லாயிரம் கமெண்ட் வரும் தளத்துக்கு எங்கள் முறை தாங்குமா என்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கோட்டை விடக் கூடாது. அனுப்பியவருக்கு மட்டும் அவர் கமெண்ட் உடனே மங்கலாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் "பார்வையில் உள்ளது" என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகவில்லை என்று நினைத்து அதையே மூன்று முறை அனுப்புவார். நிராகரித்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பதிலுக்குப் பதில் ஒரு படி போதும். அதற்கு மேல் போனால் சின்னத் திரையில் வரிகள் ஓரத்தில் ஒடுங்கிவிடும். செலவு இடிக்கிறதா, நேரத்தைக் குறைக்காதீர்கள், செய்தியைக் குறையுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு செய்திக்குத் திறந்து, வந்த ஒவ்வொன்றையும் அன்றைக்கே படித்து முடித்துவிடலாம்.