தனிக் கடனா, கூட்டுக் கடனா? நிச்சயமான ஜோடிகள் வீடு வாங்கும்போது

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத் தேதி குறித்த கையோடு பல ஜோடிகள் ஃபிளாட் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டிக் கடன் வாங்குவதா, ஒருவர் பெயரில் மட்டும் வாங்குவதா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. வட்டியையும் மாதத் தவணையையும் கணக்குப் போடுபவர்கள் பத்திரத்தை மறந்துவிடுகிறார்கள். கடன் ஒப்பந்தம் யார் கட்ட வேண்டும் என்று சொல்லும். வீடு யாருடையது என்பதைக் கிரயப் பத்திரம்தான் சொல்லும். பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். ஆனால் கடனில் கையெழுத்துப் போட்டவர் பெயர் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று பல வங்கிகள் கேட்பதில்லை. இருபது வருடம் தவணை கட்டியும் வீட்டில் பங்கில்லாமல் நிற்கும் நிலை இந்த இடைவெளியில்தான் உருவாகிறது.

எவ்வளவு கடன் கிடைக்கும்

இதில் கூட்டுக் கடனுக்கே பலம். கையில் வரும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி வரை தவணைக்குப் போகலாம் என்பது வங்கிகளின் பொதுவான கணக்கு. 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய். மாதம் 60,000 வாங்குபவர், 4,000 ரூபாய் பைக் தவணையும் கட்டுகிறார் என்றால் வீட்டுத் தவணைக்கு மிஞ்சுவது 26,000. சுமார் 30 லட்சம் கிடைக்கும். 50,000 வாங்கும் இன்னொருவர் சேர்ந்தால் தவணைக்கு 51,000 வரை போகலாம், கடன் ஏறத்தாழ 58 லட்சம்.

அந்த 58 லட்சத்தை அப்படியே வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. முதல் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அதற்குப் பிறகும் ஒருவர் ஓர் ஆண்டு வேலையை விட்டிருந்தால், 60,000 சம்பளத்தில் 51,000 தவணை கட்ட முடியாது. கூட்டாக விண்ணப்பியுங்கள், ஆனால் தொகையை ஒரு சம்பளம் திணறாமல் தாங்கும் அளவிலேயே நிறுத்துங்கள். மற்றவர் சம்பளத்தில் மிஞ்சுவதை அவ்வப்போது அசலில் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கும் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

வருமானம் எவ்வளவு இருந்தாலும் வீட்டு மதிப்பில் ஒரு பங்குதான் கடனாகக் கிடைக்கும்: 30 லட்சம் வரையான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. 70 லட்ச ரூபாய் பழைய வீட்டுக்குக் கைப்பணம் 14 லட்சம் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் கிரயப் பதிவுக்கு 9 சதவீதம், அதாவது இன்னும் 6.3 லட்சம் தேவை. இந்த இருபது லட்சம் யார் கணக்கிலிருந்து போகிறது என்பது கடனைவிட முக்கியம். கீழே அதற்கு வருகிறேன்.

பல வங்கிகள் பெண் விண்ணப்பதாரருக்கு 0.05 சதவீதம் வட்டிச் சலுகை தருகின்றன. பெரும்பாலும் அவர் உரிமையாளராகவும் இருக்க வேண்டும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வரிச் சலுகை: பழைய கணக்கு

"ரெண்டு பேர் பேர்லயும் வாங்குனா டபுள் சலுகை" என்ற அறிவுரை பழைய வரி முறைக்கானது. அதில் சொந்தக் குடியிருப்புக்கு ஒவ்வொரு பங்குதாரரும் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியையும், 80சி என்ற சேமிப்புக் கழிவின் 1.5 லட்சத்துக்குள் அசலையும் கழிக்கலாம். 50 லட்சம் கடனில் முதலாண்டு வட்டி சுமார் 4.21 லட்சம். தனியாக வாங்கினால் 2.21 லட்சம் வீணாகும். இருவராக வாங்கினால் ஏறக்குறைய முழுவதும் கழியும்.

புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவுகள் இல்லை. அப்படியானால் பழைய முறையிலேயே இருந்துவிடலாமா? 2025-26 நிதியாண்டு விகிதங்களை வைத்து, ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் உள்ளவரைப் பாருங்கள். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம், வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் போக வரி 1,40,400. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போக 97,500. ஆகவே வரியை மட்டும் நம்பிக் கூட்டுக் கடனுக்குப் போகாதீர்கள். வேறு ஊரில் வேலை, வாடகைப்படி விலக்கும் உண்டு என்ற நிலையில் உள்ளவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கட்டும். வாடகைக்கு விடும் வீடு என்றால் புதிய முறையிலும் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

எந்த முறையானாலும் பத்திரத்தில் பெயர் வேண்டும், கடனிலும் பெயர் வேண்டும், தவணையையும் அவர் கட்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அவருக்குச் சலுகை இல்லை.

கல்யாணத்துக்கு முன்னா, பின்னா

தனியா கூட்டா என்பதைவிட இந்தக் கேள்விதான் பெரியது என்பது என் கருத்து. பதிவுத் தேதி தாலி கட்டும் தேதிக்கு முன் விழுந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இருவரும் யாரோ, எவரோ. அதன் விளைவுகள் பல.

முதலில் வங்கி. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை என்றால் கூட்டு விண்ணப்பம் எளிது. நிச்சயம் மட்டும் ஆனவர்களைச் சில வங்கிகளே ஏற்கும். அவையும் பத்திரிகை, உறுதிமொழிப் பத்திரம், பணம் விடுவிக்கும் முன் திருமணச் சான்று என்று நிபந்தனை போடக்கூடும். கிளையில் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காமல், அனுமதிக் கடிதத்தில் அந்த நிபந்தனையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்து வருமான வரி. கணவன் மனைவிக்குள் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. நிச்சயமானவர் அந்த உறவுப் பட்டியலில் இல்லை. ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அவர் உங்கள் கணக்கில் போட்டால், திருமணத்தையொட்டிய அன்பளிப்பு என்று நிரூபிக்க முடியாதபோது அது உங்கள் வருமானமாகிவிடும். அதனால் மற்றவர் பங்கு முன்பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகவே கூடாது. அவரவர் கணக்கிலிருந்து நேராக விற்பவருக்குப் போகட்டும்.

மூன்றாவது பினாமிச் சட்டம். மனைவி பெயரில் கணவர், எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடிய தன் பணத்தைக் கொண்டு வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு. வருங்கால மனைவிக்கு அந்த விலக்கு இல்லை. முழுப் பணமும் ஒருவர் கொடுத்து, கல்யாணத்துக்கு முன் மற்றவர் பெயரில் மட்டும் பதிவது வேண்டவே வேண்டாம்.

நான்காவது சின்ன விஷயம் போலத் தோன்றும், பின்னால் அலைய விடும். கல்யாணத்துக்கு முன் பதிந்த பத்திரத்தில் பெண்ணின் பெயர் த/பெ என்று தகப்பன் இனிஷியலோடு இருக்கும். பிறகு ஆதாரிலும் பான் அட்டையிலும் கணவர் இனிஷியலுக்கு மாறினால் பட்டா மாறுதல், மறுவிற்பனை, கடன் மாற்றம் எல்லாவற்றிலும் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டி வரும். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

விற்பவர் காத்திருக்க மாட்டார் என்றால்? கிரய ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போட்டு, பதிவுக் கெடுவைக் கல்யாணத்துக்குப் பிந்தைய தேதியாக வாங்குவதுதான் முதல் வழி. அதுவும் நடக்காவிட்டால் ஒருவர் தனிக் கடனில், தன் பணத்தில், தன் பெயரில் வாங்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு துணைவருக்குப் பங்கு தரத் தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்கான தானசெட்டில்மென்ட் (விலை வாங்காமல் உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) வழி இருக்கிறது: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கடன் நிலுவையில் இருக்கும்போது வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அந்தப் பங்கிலிருந்து வரும் வாடகை, தந்தவர் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும் கடனில் துணைவர் பெயரை ஒரு மனு கொடுத்துச் சேர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வங்கி பொதுவாக அதைப் புதுக் கடன் போல மறுபடி பரிசீலிக்கும். செயலாக்கக் கட்டணம், சட்ட ஆய்வு, மூலப்பத்திர ஒப்படைப்புப் பதிவு எல்லாம் மீண்டும் வரலாம். பெயரை நீக்குவது இதைவிடக் கடினம், மிஞ்சுபவரின் சம்பளம் மட்டும் மீதிக் கடனைத் தாங்க வேண்டும்.

பெண் வீட்டார் தரும் பணம்

நம் ஊரில் இதைப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. முன்பணத்தில் ஐந்து, பத்து லட்சம் பெண்ணைப் பெற்றவர்கள் கொடுப்பதும், வீடு மாப்பிள்ளை பெயரில் மட்டும் பதிவாவதும் சாதாரணமாக நடக்கிறது. கேட்டு வாங்கினால் அது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் குற்றம். பெற்றோர் மனமுவந்து மகளுக்குத் தருவதென்றால் மகள் கணக்கில் போடட்டும், அதற்கு வரி இல்லை. அங்கிருந்து விற்பவருக்குப் போகட்டும், அந்த அளவுக்கு அவள் பங்கு பத்திரத்தில் ஏறட்டும். இதைக் கேட்கப் பெண் வீட்டார் கூச்சப்படவே கூடாது.

பங்கு விகிதத்தை எழுதாமல் விட்டால், தனித்தனிப் பணத்தில் வாங்கிய சொத்தில் யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம் என்கிறது சொத்து மாற்றச் சட்டம். ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு. 60:40 என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால் இந்தத் தர்க்கமே எழாது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீத வரியைப் பிடித்து, வாங்குபவர் ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒருவரே முழுவதையும் கட்டிவிட்டுப் பிறகு திருத்த அலைவது நடக்கிறது.

பொறுப்பு

கூட்டுக் கடனில் பாதிப் பொறுப்பு என்று ஒன்று இல்லை. முழுத் தொகைக்கும் இருவரும் தனித்தனியே பொறுப்பு. இருவர் சிபில் அறிக்கையிலும் முழுக் கடனும் தெரியும், ஒரு தவணை தவறினால் இருவர் மதிப்பெண்ணும் இறங்கும். நாளை ஒருவர் ஊரில் இடம் வாங்க விரும்பினால் இந்தக் கடன் அவர் தலையிலும் முழுதாகவே நிற்கும். தனிக் கடனின் உண்மையான நன்மை இங்கேதான்: மற்றவரின் கடன் தகுதி காலியாக இருக்கும்.

பிரிவு வந்தால், தவணையை இனி அவர் கட்டட்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் உடன்பாடு ஆனாலும் வங்கி அதற்குக் கட்டுப்பட்டதல்ல. மணமான பின் சேர்ந்த சொத்தெல்லாம் தானாக இருவருக்கும் பாதி என்ற விதி கோவா போன்ற ஓரிரு பகுதிகள் தவிர இந்தியாவில் கிடையாது. பத்திரத்தில் பெயரில்லாமல் தவணை கட்டியவர், தான் கட்டியதை நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டும்.

ஒருவர் இறந்துவிட்டால்

கூட்டுப் பத்திரம் என்றால் மிஞ்சியவருக்கு முழு வீடும் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. உயில் எழுதாத இந்து ஆண் இறந்தால் அவர் பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய தாய்க்கும் சமமாகப் பிரியும். மனைவி சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் அவளைப் பெற்றவர்களுக்கு முன் கணவரின் வாரிசுகள் வருவார்கள். மகள் தவணைக்குக் கைகொடுத்த பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டில் முதல் விண்ணப்பதாரர் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட இருவரும் தனித்தனியே டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுப்பது நல்லது, ஒவ்வொன்றும் முழுக் கடன் தொகைக்கு. ஒருவர் போனால் மற்றவரிடம் வங்கி கேட்கப்போவது முழுவதையும்தான்.

அத்தோடு உயில். கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி ரத்தாகாது. அண்ணன் பெயருக்கு எப்போதோ எழுதி வைத்தது அப்படியே செல்லும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், திருமணத்தைப் பதியச் சார்பதிவாளர் அலுவலகம் எப்படியும் போகிறீர்கள், உயிலையும் அங்கேயே பதிந்துவிடலாம்.