நியோபியமா, டான்டலமா? க்யூபிட்டின் ஆயுளும் ஆக்சைடுப் படலமும்

குவாண்டம் கணினியின் தகவல் அலகான க்யூபிட்டை, மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி உலோகத்தில் செய்யும்போது, அதிலுள்ள தகவல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில், உலோகத்தின் உட்புறத்தைவிட, காற்று பட்டவுடன் அதன் மேல் உருவாகும் சில நானோமீட்டர் ஆக்சைடுக்கே பங்கு அதிகம். அந்தப் படலத்தில் படிக ஒழுங்கு இல்லாததால், ஆங்காங்கே சில அணுக்கள் இரண்டு இருப்பிடங்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும். இருநிலைக் குறைகள் எனப்படும் இவற்றின் அதிர்வெண், க்யூபிட் இயங்கும் ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸோடு ஒத்துப்போனால், க்யூபிட்டின் ஆற்றல் அங்கே வடிந்துவிடும். இத்தகைய இழப்பே பெரும் தடை என்பதை இயற்பியலாளர் ஜான் மார்ட்டினிஸ் குழுவினர் 2005இல் காட்டினர். மேலும் குளிர்வித்துத் தப்பிக்கவும் வழியில்லை: தனிச்சுழிக்கு மிக அருகிலான மில்லிகெல்வின் வெப்பநிலையில் இக்குறைகள் மிகக் குறைந்த ஆற்றலுள்ள அடிநிலையில் அமர்ந்துவிடுவதால் ஆற்றலை உறிஞ்சும் திறன் அவற்றுக்குக் கூடவே செய்கிறது.

இத்தகைய க்யூபிட்டுக்குப் போட்டியிடும் இரு உலோகங்கள் நியோபியமும் டான்டலமும். நியோபியத்தின் பலம், அது நன்கு பழகிய உலோகம் என்பதே. 9.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகும். அறை வெப்பநிலையில் படிய வைக்கலாம். பல பத்தாண்டு உற்பத்தி அனுபவமும் உண்டு. ஆனால் அதன் ஆக்சைடு சுமார் 5 நானோமீட்டர் தடிப்பில், மேலே பென்டாக்சைடும் அடியில் ஆக்சிஜன் குறைந்த வேறு ஆக்சைடுகளுமாக, சீரின்றி வளர்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தினர், நுண்ணலைகளை அடைத்துவைக்கும் நியோபியக் குழிகளை வெற்றிடத்தில் சூடாக்கி அந்தப் படலத்தைக் கரைத்தபோது, உள்ளே ஃபோட்டானின் ஆயுள் 2 நொடி வரை நீண்டதை 2020இல் அறிவித்தனர். உலோகம் குற்றமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் படலத்தை நீக்கிய சில்லைக் காற்றில் எடுத்தால் ஆக்சைடு மீண்டும் வளர்ந்துவிடும்.

டான்டலத்தின் ஆக்சைடு 2 முதல் 3 நானோமீட்டர் மட்டுமே. வேதியியல் உறுதியும் மிக்கது. ஆகவே கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கடுங்கரைசலில் சில்லையே அமிழ்த்தி, மேற்பரப்பில் ஒட்டிய கார்பன் எச்சங்களை எரித்து அகற்ற முடிகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2021இல் க்யூபிட்டின் ஆயுளில் 0.3 மில்லிநொடியைத் தாண்டியதற்கு இந்தத் தூய்மையும் ஒரு காரணம். சிக்கல் படிய வைப்பதில் இருக்கிறது: நமக்கு வேண்டிய ஆல்ஃபா வடிவம் 4.4 கெல்வினில் மீக்கடத்தியாகும், தவறி உருவாகும் பீட்டா வடிவமோ 1 கெல்வினுக்கும் கீழேதான். ஆல்ஃபாவைப் பெற, படலத்தைத் தாங்கும் சபையர் தளத்தைச் சில நூறு டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். அல்லது அடியில் மெல்லிய நியோபிய விதைப்படலம் இடுகிறார்கள்.

மூன்றாவது வழி இரண்டையும் இணைப்பது. நியோபியத்தைப் படிய வைத்த கையோடு, வெற்றிடத்தைக் கலைக்காமல் சில நானோமீட்டர் டான்டலத்தையோ தங்கத்தையோ மேலே போர்த்திவிடுவார்கள். ஃபெர்மிலேப் தலைமையிலான குழு இதன் மூலம் 0.6 மில்லிநொடி வரை எட்டியதாக 2024இல் தெரிவித்தது. செதுக்கிய பின் பக்கச் சுவர்களில் நியோபியம் திறந்தே கிடப்பது இதன் குறை. ஆயினும் நியோபிய உற்பத்தி வசதி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். புதிதாகத் தொடங்குவோர் நேரே டான்டலத்துக்குப் போகலாம். பிரின்ஸ்டன் குழுவினர் 2025இல் சபையரை விட்டு உயர்மின்தடைச் சிலிக்கானில் டான்டலத்தைப் படிய வைத்து 1 மில்லிநொடியைக் கடந்திருப்பது, தளமும் இழப்பில் பங்கு வகித்ததைக் காட்டுகிறது.

எந்த உலோகத்தைத் தேர்ந்தாலும், க்யூபிட்டின் இதயமான ஜோசப்சன் சந்தி (இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய காப்புப் படலம்) இன்னும் பெரும்பாலும் அலுமினியத்தால்தான் செய்யப்படுகிறது. அதன் நடுவிலுள்ள ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடே சந்தியின் உயிர் என்பதால் அதை அகற்ற இயலாது. பரப்பு சிறிதாதலால் அங்கே குறைகள் எண்ணிக்கையில் சிலவே. ஆனால் மின்புலம் அங்கே மிகச் செறிவாக இருப்பதால், அதிர்வெண் பொருந்தும் ஒரே ஒரு குறைகூட க்யூபிட்டைப் பயனற்றதாக்கிவிடலாம்.