பூனையை ஆட்ட நல்லது கடதாசியா, கணினியா?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்டு ஒரு பூனை பசியோடு வருகிறது. பிடிக்க வந்தது, கடைசியில் அவற்றோடு சேர்ந்து ஆடிவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போகிறது. கதை இவ்வளவுதான். 3 நிமிடம், முழுக்கப் பாட்டு. அயலில் உள்ள பிள்ளைகளோடு இதை அசைபடமாக்க இறங்கியபோது களிமண், கணினி, கடதாசி வெட்டு என்று மூன்று வழி இருந்தது. நாங்கள் கடதாசியில்தான் செய்தோம். அதனால் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

களிமண்ணை முதலிலேயே விட்டாயிற்று. மட்டக்களப்பு வெக்கையில், மின்குமிழுக்குக் கீழே, பூனையின் வால் எத்தனை தரம் நிமிர்த்தினாலும் தொங்கும்.

செலவை வைத்து மற்ற இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்க முடியாது. பிளெண்டர் என்ற அசைபட மென்பொருள் இலவசம், வெட்டுவதற்கான தடித்த பிரிஸ்டல் போர்ட் அட்டையும் மலிவு. ஆனால் கணினிக்கு ஓரளவு நல்ல லப்டொப் வேண்டும். அதன் முன்னால் ஒரு பிள்ளை இருந்தால் மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடதாசியில் ஒருவர் கால் வெட்ட, ஒருவர் மீனுக்குச் செதில் கீற, எல்லாருக்கும் வேலை இருக்கும்.

உண்மையில் முடிவைத் தீர்மானித்தது தாளம். எங்கள் பாட்டு எங்கள் ஊர் ஆட்டக்கூத்தான வடமோடிக் கூத்தின் மெட்டில், மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமுமாகப் போவது. கூத்தில் கால் மிதக்காது, விழும். கணினியில் தொடக்க நிலையும் முடிவு நிலையும் கொடுத்தால் இடையில் உள்ள அசைவை அதுவே நிரப்பித் தரும். வசதிதான். ஆனால் அது எல்லாவற்றையும் வழவழவென்று இழைத்துவிடுகிறது. பரீட்சித்துப் பார்த்த துண்டைக் காட்டியதும் ஒரு பொடியன் சொன்னான்: "பூனை ஆடல்ல சேர், வழுக்குது."

கடதாசியில் அந்த வழுக்கல் தானாக வராது. உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செக்கனுக்கு 12 படம் என்று எடுத்தோம். தாளம் நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 8 படம், 120 ஆனால் 6, 144 ஆனால் 5. பாட்டை முதலில் பதிந்து, தட்டுகளை ஒரு தாளில் குறித்து, கால் தரையில் படும் படத்தைச் சரியாகத் தட்டின் மேல் வைத்தோம். பட்ட கால் இரண்டு படத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் பூனைக்குப் பாரம் வருகிறது. கூத்துப் பழகிய பிள்ளை ஒன்று வாயால் தாளம் சொல்லிக்கொண்டே காலை நகர்த்தும்போது, எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. கடைசியில் மத்தளம் வேகமெடுக்கும் இடத்தில், எடுத்த படங்களிலேயே இடையில் சிலதை நீக்கி ஒப்பேற்றினோம்.

இந்த வேலை புதிதல்ல. வெட்டிய கறுப்பு உருவங்களைக் கம்பியால் மூட்டி லொட்டே ரைனிகர் 1926இல் ஜெர்மனியில் முழுநீளப் படமே தந்துவிட்டார். எங்கள் பூனைக்கு மூட்டு ஊசிநூல்தான்.

கடதாசியின் கரைச்சல் காற்றும் வெளிச்சமும். மின்விசிறி போட்டால் மீன்கள் பறக்கும், போடாவிட்டால் நாங்கள் அவிவோம். மேலே கண்ணாடி வைத்தால் எங்கள் முகம் அதில் தெரிகிறது. பகலில் ஒரு முகில் கடந்தாலே படம் மினுங்கும். அதனால் யன்னலை மூடி, இரவில், ஒரே மின்குமிழில் எடுத்தோம். போனில் வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டி வைப்பது கட்டாயம்.

கணினியில் தேர்ந்த ஒருவர் அந்த வழுக்கலைச் சுலபமாக நீக்கிவிடலாம். நான் கைவைத்தது தொடக்கப் பாடம் அளவுக்குத்தான். டப்லெட்டில் ஒவ்வொரு படமாகக் கீறும் வழியை நான் தொட்டதே இல்லை. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: 3 நிமிடத்துக்கே 2,160 படம். 10 நிமிடப் படம், அதே பூனை, பல காட்சிகள் என்றால் ஒருமுறை மூட்டிய கணினிப் பூனை தேயாமல் உழைக்கும். கடதாசிப் பூனைக்கு நூல் துளை பெருத்துக் கால் ஆடத் தொடங்கிவிடும். அதற்கு முதலே ஒவ்வொரு உறுப்பையும் இரண்டு மூன்று பிரதி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், வாலை மட்டும் ஐந்தாறு.